கிளியும் குதிரைக்காரனும்

கண்டியில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை கூடும். கதையை எழுதியவர் பெயர் சொல்லாமல் வாசிப்போம். எல்லோரும் கருத்துச் சொன்ன பிறகுதான் பெயர் வெளிவரும். எழுதியவரும் யாரோபோல ஒரு கருத்துச் சொல்லியாக வேண்டும்.

அன்று வந்தது மாற்றி எழுதிய ஒரு ராஜா கதை. கிளியாகிப்போன இளவரசனை மீட்பது இளவரசி இல்லை, குதிரைக்காரன். பிறகு இருவரும் சேர்ந்தே வாழ்கிறார்கள். குதிரைக்காரன் கிளியைத் தோளில் வைத்து மலையேறும் இடத்தை நான் மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

பலர் சிரித்தார்கள். என்னோடு கம்பளை பஸ்ஸில் வரும் குமார் அண்ணன் மட்டும், "எனக்குப் புடிச்சிருக்குங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டுமே," என்றார்.

என் முறை வந்தது. "அசிங்கமா இருக்குண்ணே. நம்ம ஆளுங்களுக்கு இது ஒத்துவராது," என்றேன்.

பெயரை அறிவித்தார்கள். எழுதியவர் குமார் அண்ணன்.

அவர் தாள்களை மடித்துப் பையில் வைத்தார். "வாங்க தம்பி, பஸ் போயிரும்."

எனக்கு நாற்பத்திரண்டு வயது. பெண் பார்த்துப் பார்த்து வீட்டில் ஓய்ந்துவிட்டார்கள். ஏன் வேண்டாம் என்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. மறைத்து மறைத்து நானும் களைத்துவிட்டேன்.

அந்தக் கதை எனக்கும் பிடித்திருந்தது. கம்பளை வரைக்கும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன். சொல்லவில்லை.