நல்லா இருக்கேன் சார்

என் அக்கா பொன்னுத்தங்கத்தின் கணவர் சோலைச்சாமி, சிவகாசி காலண்டர் கம்பெனி ஒன்றுக்கு ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டு. ஆடிப்பெருக்கன்று கம்பெனியில் பூஜை போட்டு, அடுத்த வருஷத்து மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பத்தைக் கையில் கொடுப்பார்கள். அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் மார்கழியில் கடைசி லோடு இறங்கும்வரை மனிதர் வீடு தங்கமாட்டார். முருகன், லட்சுமி, மெக்கா, மாதா, மல்லாந்து சிரிக்கும் குழந்தை எல்லாரும் அந்த ஒரே பைக்குள் இருப்பார்கள். சாத்தூரில் இருக்கும் என் சேவுக் கடைக்கு வந்து பையை மேசைமேல் இறக்கினார் என்றால் பக்கத்தில் இருக்கும் தராசு ஆடும்.

கடைவீதிகளில் அவருக்கு நல்ல பெயர். 'இல்லை' என்ற சொல்லே அவர் வாயில் வராது. கேட்ட படம் தீர்ந்துபோயிருந்தால், "அதைவிட லட்சணமா ஒண்ணு வச்சிருக்கேன் அண்ணாச்சி" என்பார். காய்ச்சலோடு வந்து நிற்பார். கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பார். ஏஜெண்டு முகத்தைத் தொங்கப்போட்டால் ஆர்டரும் தொங்கிவிடும் என்பது அவருடைய தொழில் பாடம். எனக்கு இந்த இனிப்புப் பேச்சு ஆகாது. நான் காரச்சேவு விற்கிறவன், வாயும் அப்படித்தான்.

ஆனால் அத்தான் வெறும் வாய்ப்பேச்சுக்காரர் என்று நினைத்துவிடக்கூடாது. விருதுநகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வருஷாவருஷம் அவரிடம்தான் காலண்டர் அடிக்கும். ஒரு தடவை அச்சில் போன் நம்பர் மாறி விழுந்துவிட்டது. டாக்டர் ஹரிபிரசாத் கூப்பிட்டுச் சொன்னதும், அத்தனை காலண்டர் கட்டுகளையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய், கம்பெனியில் சண்டை போட்டுப் புதிதாக அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க சொன்னதாலதான் சார் தெரிஞ்சது" என்று கைகூப்பிவிட்டு வந்தாராம்.

போன மாசியில் அதே டாக்டர்தான் அத்தானுக்கு ஆபரேஷன் செய்தார். வலது அடிவயிற்றுக்குக் கீழே, தொடை மடிப்புப் பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. குடலிறக்கம். குடலை உள்ளே தள்ளி, வலை வைத்துத் தைத்தார்கள். குறை சொல்ல முடியாத ஆபரேஷன். தையல் காய்ந்தது, வீக்கம் போனது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து பார்த்தவர்கள் எல்லாம் அத்தோடு மறந்துவிட்டார்கள்.

வலி மட்டும் போகவில்லை. இதை அத்தான் யாரிடமும் சொல்லவில்லை, அக்காதான் கண்டுபிடித்தாள். பேண்ட்டும் பெல்ட்டுமாகத் திரிந்தவர் வீட்டில் வேட்டியைக்கூட இறுக்கிக் கட்ட மாட்டேன் என்கிறார். துணி உரசினால் மிளகாய்ப்பொடி பட்டதுபோல எரிகிறது. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். பஸ்ஸில் எல்லாரும் இறங்கும்வரை காத்திருந்து கடைசி ஆளாக இறங்குகிறார். அப்படியும் பங்குனியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை டாக்டரைப் பார்க்கப் போனவர், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கேன் சார், எல்லாம் உங்க புண்ணியம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். டாக்டர் என்ன ஜோசியமா பார்ப்பார்? அவரும் சந்தோஷமாக அனுப்பிவைத்திருக்கிறார்.

ஆனி கடைசியில் ஒருநாள் அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"ஏலே வெள்ளைத்துரை, உங்க அத்தான் லைனை விட்டுக்குடுத்துட்டாருலே. காரியாபட்டி, அருப்புக்கோட்டை அம்புட்டையும் வேற ஆளுக்குக் குடுங்கன்னு கம்பெனியில சொல்லிட்டாரு. பையை வாங்க ஆளு வந்து நிக்கான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த லைன் அவர் இருபத்தைந்து வயதிலிருந்து கால் தேய நடந்து உண்டாக்கியது. எந்தக் கடைக்காரர் வீட்டில் எப்போது கல்யாணம் என்பதுவரை அவருக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு அந்த மனிதர் வீட்டில் என்ன செய்வார்? கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். வந்த ஆளை ஆடிப்பெருக்குக் கழித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அத்தானைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு நானும் அக்காவும் விருதுநகர் பஸ்ஸில் ஏறினோம்.

பஸ்ஸில் அவர் புலம்பிக்கொண்டே வந்தார். "அந்த டாக்டர் தம்பி நல்லாத்தான் செஞ்சாரு மாப்ள. அவருகிட்ட போயி வலிக்குதுன்னு சொன்னா, நீ செஞ்சது சரியில்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி இருக்காதா? வருஷாவருஷம் ஆர்டர் குடுக்கிற கை."

"உங்க மரியாதையில தீய வைக்க" என்றேன் நான். அக்கா என்னை அடக்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"காலண்டர்ல போன் நம்பரு தப்பா விழுந்துச்சே, டாக்டரு உங்ககிட்ட சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அதுக்கு நீங்க சங்கடப்பட்டீகளா?"

"எதுக்குச் சங்கடம்? அவரு சொன்னதாலதான…"

விருதுநகர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் அறையில் அதே சிரிப்பு, அதே கேள்வி. "எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?"

"நல்லா…" என்று ஆரம்பித்தார் அத்தான். பழக்கம் அப்படி. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "வலிக்குது சார். ஆபரேஷன் பண்ணின நாள்ல இருந்து வலிக்குது."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. முகம் மட்டும் மாறியது. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார். "உங்க மனசு நோகுமேன்னுதான்" என்று அக்கா சொன்னதும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். படுக்கவைத்து, பஞ்சால் லேசாகத் தடவிப் பார்த்தார். பஞ்சு பட்டதற்கே அத்தானுக்குக் கால் துடித்தது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு நரம்பு மாட்டிக்கொண்டோ அடிபட்டோ இப்படி மாதக்கணக்கில் வலிக்கும், இது மனப்பிரமை இல்லை என்றார். மயக்க மருந்து டாக்டரை வரச்சொல்லி, எந்த நரம்பு என்று பார்ப்பதற்காக அந்த இடத்தில் மரத்துப்போகிற ஊசி ஒன்று போடச்செய்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தானை நடந்து பார்க்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தார். திரும்பினார். வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். மறுபடியும் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். சட்டென்று நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மாப்ள, நீங்க எல்லாரும் தெனமும் இப்படியா இருக்கீக?"

வலி இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அக்கா பார்த்துவிடக்கூடாதே என்று மருந்துக் கடைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் மருந்தின் வேகம் இறங்கி வலி திரும்பிவிட்டது. யாரும் தூண்டவில்லை. அவரே போனை எடுத்தார். "சார், சோலைச்சாமி பேசுதேன். வலி வந்திருச்சு" என்றார். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை அக்கா நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு நரம்புக்கான மாத்திரை, மேலும் ஊசி என்று வைத்தியம் நடக்கிறது. குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. போகாமலே இருந்தால் மதுரையில் இன்னொரு ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அருப்புக்கோட்டையை அத்தான் புது ஆளுக்கே விட்டுவிட்டார். காரியாபட்டியை விடவில்லை. தோள்பைக்குப் பதில் சக்கரம் வைத்த பெட்டி வாங்கிக்கொண்டார். முகம் சுளிக்காமல் இத்தனை மாதம் அதைத் தாங்கியதைவிட, வாயைத் திறந்து அதைச் சொன்னாரே, அதற்காகத்தான் அவரை நான் பெரிய ஆளாக நினைக்கிறேன். அந்தத் தொழிலில் ஊறியவருக்கு அது லேசான காரியமில்லை.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் துணைக்கு நானும் காரியாபட்டி போனேன். முதல் கடை கோட்டைச்சாமியின் உரக்கடை. அத்தான் எத்தனையோ வருஷமாக நின்றுகொண்டே ஆர்டர் எழுதும் கடை அது.

"வாங்க அண்ணாச்சி, எப்படி இருக்கீக?" என்றார் கோட்டைச்சாமி.

அத்தான் பெட்டியை நிறுத்திவிட்டு, அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வலி இருக்கு அண்ணாச்சி. செத்த உக்காந்துக்கிடுதேன். நீங்க படத்தைப் பாருங்க."

கோட்டைச்சாமி ஃபேனை அத்தான் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஆல்பத்தை எடுத்துப் பிரித்தார்.