அந்தக் கட்டில் எனக்கு வேண்டாம்

என் அண்ணன் என்னை சைகோனில் விட்டுவிட்டுப் பிரான்சுக்குப் போனபோது எனக்கு இருபத்து நான்கு வயது. ஆட்சி கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்கள் அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அவர் விட்டுப்போன பிரெஞ்சுக் குடியுரிமைதான் எங்களுக்கு இருந்த ஒரே வழி. எங்களைப் போன்ற குடும்பங்கள் தூதரகத்தில் பெயர் கொடுத்துவிட்டு, பட்டியலில் பெயர் வந்ததும் விமானம் ஏறிக்கொண்டிருந்தன. அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். வீட்டுக் காகிதங்கள் எல்லாம் அவனிடம்தான் இருந்தன.

"நீயும் அம்மாவும் அடுத்த மாசம் வந்துரலாம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சான்று வரணும், அவ்வளவுதான்," என்றான். அம்மாவுக்கு அப்போது வாதம் வந்து வலப்பக்கம் விழுந்திருந்தது. அவனோடு அண்ணியும் குழந்தைகளும் போனார்கள். அண்ணியின் தங்கையும் போனாள். அவள் பயணத்துக்குப் போட்டுக்கொண்ட கவுனைத் தைத்துக் கொடுத்தவளே நான்தான்.

மாதம் இரண்டு தடவை தூதரக வாசலில் போய் நின்றேன். ஆறாவது மாதம் ஒரு குமாஸ்தா கோப்பைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் போயிட்டீங்களே, மத்மசெல்," என்றார்.

என் பெயர், என் பிறந்த தேதி, என் ஞானஸ்நானச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. படம் மட்டும் அண்ணியின் தங்கையுடையது. காகிதத்தில் நான் பிரான்சில் இருந்தேன். வெயிலில் நின்றுகொண்டிருந்தவள் யாரோ. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இங்கே இருந்தாக வேண்டும், மைத்துனிக்கோ ஓர் இடம் வேண்டும். இரண்டையும் ஒரே கையெழுத்தில் முடித்துவிட்டிருக்கிறான். நான் எழுதிக் கொடுத்த புகாருக்குப் பதில் வருமுன் கடைசி விமானமும் போய்விட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் கோயிலுக்குள் போய் மாதா முன்னால் முழங்காலில் நின்றேன். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். அவன் என் வாசலில் வந்து நிற்கும் நாளைப் பார்க்கிற மட்டும் எனக்கு ஆயுசு கொடு, தாயே.

மாதா கேட்டதைக் கொடுத்தாள். அதற்குள் நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

அம்மா ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார். வார்டு அலுவலகத்தில் அளந்து தரும் ரேஷன் அரிசியில் பாதி மரவள்ளிக் கிழங்கு. அரிசியைப் பொறுக்கி அம்மாவுக்குக் கஞ்சி வைப்பேன், கிழங்கை நான் தின்பேன். பகலில் தையல் கூட்டுறவில் கொசுவலை தைத்தேன். தினமும் சாயங்காலம் அம்மா கேட்பார்: "அண்ணன்ட்டேர்ந்து காயிதம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சும்மா."

ஒரு வெற்றுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு நானே கற்பனையாகப் படிப்பேன். குளிர் அதிகமாம், குழந்தைகள் படிக்கிறார்களாம், நம்மைக் கூப்பிட ஏற்பாடு செய்கிறானாம். அம்மா சாகும்போது ஆசீர்வதித்தது அவனைத்தான். "எம் புள்ள நல்லா இருக்கணும்," என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினார். பக்கத்தில் நின்று அம்மாவின் விரலைப் பிடித்திருந்தவள் நான். அந்த வார்த்தையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் என்னுடைய பொய்கள்தான்.

பிறகு இங்கேயே ஒரு சிக்லோ ரிக்‌ஷா ஓட்டியைக் கல்யாணம் செய்துகொண்டேன். வியட்நாமியர், நல்ல மனுஷர். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். கூட்டுறவு மூடிய பிறகு, பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் ஒரு தையல் ஆலைக்கு விடிகாலை பஸ் பிடித்து இருபது வருஷம் போய்வந்தேன். படுத்த உடம்பைப் புண் வராமல் புரட்டவும் குளிப்பாட்டவும் அம்மாவிடம் கற்றிருந்தேன். அதைத் தெரிந்துகொண்டு பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள், பிறகு கோயில் பங்கில் கூப்பிட்டார்கள். எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கன்னியாஸ்திரீகள் தூ டுக் பக்கம் நடத்திய முதியோர் இல்லத்துக்குச் சனிக்கிழமைதோறும் போக ஆரம்பித்தேன். ஜனங்கள் என்னைப் புண்ணியவதி என்றார்கள். நான் தினமும் பூசைக்குப் போகிறவள்தான். ஆனால் கர்த்தர் கற்பித்த செபத்தில், பிறர் செய்த குற்றத்தைப் பொறுப்பதைப் பற்றிய வரி வரும்போது வாயை மூடிக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் பக்கத்தில் நின்ற யாரும் அதைக் கவனித்ததில்லை.

அண்ணன் என் வாசலில் வந்து நின்றபோது எனக்கு அறுபத்து நான்கு வயது. அண்ணி இறந்துவிட்டாளாம். பணக்காரர்கள் இருக்கும் பூ மி ஹங்கில் உயரமான கட்டடம் ஒன்றில் வீடு எடுத்திருந்தான். கையில் சாக்லேட் பெட்டி. என் ஈயத் தட்டுகளையும் பிளாஸ்டிக் முக்காலிகளையும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அப்ப வேற வழி தெரியல தங்கச்சி. அம்மாவ யாராச்சும் பாத்துக்கணும்ல?"

"கேட்டிருந்தா நானே இருந்திருப்பேனே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கேட்டு, நீ மாட்டேன்னுட்டா?"

சாக்லேட் பெட்டியை அவன் கையிலேயே திணித்து வாசலைக் காட்டினேன். மாடிப்படியில் மெதுவாக இறங்கினான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். அன்று சாப்பாடு எனக்கு ருசித்தது. பொய் சொல்ல மாட்டேன், இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

ஒரு வருஷத்தில் அவனுக்கும் வாதம் வந்தது. பிரான்சிலிருந்து அவன் மகன் வந்து நான்கு நாள் இருந்தான். அத்தை வாரா வாரம் வருகிற இடம் என்று யாரோ சொல்ல, எங்கள் இல்லத்திலேயே அப்பாவைச் சேர்த்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை உள்ளே நுழைந்ததும் மூன்றாவது கட்டிலில் அவனைப் பார்த்தேன். என் கூட்டுக்காரிகளிடம் சொன்னேன்: "அந்தக் கட்டில் எனக்கு வேண்டாம்."

இரண்டாவது கட்டிலில் இருந்தவரைக் குளிப்பாட்டினேன். தலை துவட்டி, பவுடர் போட்டு, கன்னத்தைத் தட்டிக் கொடுத்தேன். பிறகு மூன்றைத் தாண்டி நான்காவது கட்டிலுக்குப் போனேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கட்டும் என்றுதான் வழக்கத்தைவிடப் பொறுமையாகச் செய்தேன்.

நோய் அவனிடமிருந்து பிரெஞ்சைக் கொண்டுபோய்விட்டது. வியட்நாமியமும் போய்விட்டது. வாயில் மிஞ்சியது தமிழ் மட்டும். அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"என்னமோ கேட்டுக்கிட்டே இருக்காரு. என்ன சொல்றாரு?" என்று சிஸ்டர் கேட்டார்.

"முதுகு எரியுது தங்கச்சி, முதுகு எரியுது," என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தெரியல சிஸ்டர். அந்த பாஷை எனக்கு மறந்துபோச்சு," என்றேன்.

இதே பதிலை மூன்று சனிக்கிழமை சொன்னேன். முதுகு எரிவது என்றால் என்ன என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒன்பது வருஷம் அம்மாவின் முதுகில் ஒரு புண் வரவிடாதவள் நான். மூன்றாவது வாரம் பஸ்ஸில் திரும்பும்போது, இந்நேரம் தோல் விட்டிருக்கும் என்று கணக்காகத் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் கைகள் மடியில் சும்மா இருக்க மறுத்தன. ஒருவரைப் புரட்டப் போகிற மாதிரி விரிந்து விரிந்து மூடின. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துத் திரும்பிப் போனேன்.

"முதுகு எரியுதுன்னு சொல்றாரு. முதல் வாரமே எனக்குத் தெரியும்," என்றேன்.

சிஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு, "வெந்நீர் வைங்க," என்றார்.

வெந்நீர் வைத்தேன். அவனைப் புரட்டியவர் சிஸ்டர். உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்தது. எப்படிக் கழுவ வேண்டும், எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். தொடவில்லை. அதற்குப் பின் அவன் சொன்னது ஒவ்வொன்றையும் சரியாக மொழிபெயர்த்தேன்; தண்ணீர், குளிர், ஜன்னலைச் சாத்து. அவனுக்கு மட்டும் தமிழில் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அவன் என்னைக் கூப்பிட்டதை, "தங்கச்சி" என்பதை, மொழிபெயர்க்கவும் இல்லை.

புண் ஆறியது. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனான். அடக்கத்துக்குப் போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மூன்று வாரம் வாயை மூடியிருந்ததைச் சொன்னேன். சாமியார் அபராதமாகச் சில செபங்கள் கொடுத்தார். "அண்ணன் மேல இருக்கிற கோபம்?" என்று கேட்டார்.

"அதுக்கு இன்னும் வருத்தம் வரல சாமி."

அவர் பெருமூச்சு விட்டார். "வரும்போது வாங்க," என்றார்.

போன வருஷம் அவர் வேறு பங்குக்கு மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவர் இளவயதுக்காரர், நன்றாகப் பாடுகிறார். அவரிடம் இன்னும் போகவில்லை.