வால்வு அக்கா வண்டியைத் தள்ளிய வாரம்

குன்றின் மேலுள்ள மூன்று தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் பெண்ணை எல்லோரும் வால்வு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நான் அப்போது கீழே பம்ப் ஹவுஸில் நீர்மட்டம் குறிக்கும் வேலையில் இருந்தேன். அவர் மேலே வால்வைத் திறந்தால் இங்கே என் தொட்டியில் மட்டம் இறங்கத் தொடங்கும். அந்த வாரத்தைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

மேலே போகும் மண்பாதையின் நடுவில் கல்குவாரி இருந்தது. லாரிகள் ஓடி ஓடி அங்கே மண் முகப்பவுடர் போல ஆகியிருந்தது. தினமும் மேலே போய் வால்வைத் திறந்துவிட்டு வரும் அந்த ரவுண்டு, சொந்த வண்டி வைத்திருப்பவருக்கே என்பது நிபந்தனை. முன்பு அந்த வேலையைப் பார்த்த இருவரும் அந்தப் புழுதியில் எஞ்சினைப் பறிகொடுத்துவிட்டுப் போனவர்கள். அக்கா, கரடுமுரடான பாதைக்கென்றே செய்த சின்ன பைக் ஒன்றைப் பழையதாக வாங்கினார். அது கடைசிவரை அவரைக் கைவிடவில்லை. காரணம், ஏர் ஃபில்டரை அவர் பார்த்துக்கொண்ட விதம்.

அந்த வண்டியின் ஃபில்டர் ஒரு ஸ்பாஞ்சு. ஓய்வு நாள் காலையில் கொல்லைப்புறத்தில் வண்டியை நிறுத்தி, சீட்டைக் கழற்றி, அதை வெளியே எடுப்பார். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. மண்ணெண்ணெயில் ஒருமுறை, சோப்புத் தண்ணீரில் ஒருமுறை. முறுக்க மாட்டார், உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார். நிழலில் காய்ந்த பிறகு அதற்கான எண்ணெயை ஊற்றி, நிறம் எங்கும் ஒரே மாதிரி ஆகும்வரை பிசைவார். புழுதியைப் பிடித்து வைப்பது அந்த எண்ணெய்தான். விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டுவார். தினமும் வீடு திரும்பியதும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பார். துணி வெள்ளையாகவே வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். அந்த வெட்டுத்துணிகள் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்த அவருடைய கணவரிடமிருந்து வருபவை.

ஒரு ஓய்வு நாளில் அழுத்தும்போது ஸ்பாஞ்சு ஓரத்தில் கிழிந்துவிட்டது. புதியது நகரத்தில்தான் கிடைக்கும்.

"குடு இங்க. கிழிசல்தானே, நான் பாத்துக்கறேன்" என்றார் தையல்காரர். மதியத்துக்குள் கிழிந்த தடமே தெரியாமல் பொடித்தையல் போட்டுக் கொடுத்தார்.

"எனக்கு ஒரு சட்டை தைக்கச் சொல்லி எவ்வளவு நாளாச்சு? வண்டின்னதும் கை பறக்குது."

"வண்டி நின்னு அளவு குடுக்குது. நீ எங்க நிக்கிற?"

மறுநாள் மேலே போய்த் திரும்பினார். குழாயைத் துடைத்த துணி சாம்பல் நிறத்தில் வந்தது. ஸ்பாஞ்சை வெளிச்சத்தில் பிடித்தார். தையல் நெடுக ஊசித்துளைகள், ஒவ்வொன்றும் புழுதிக்கு ஒரு வாசல். துணியையும் ஸ்பாஞ்சையும் தையல் மெஷின்மேல் வைத்தார்.

தையல்காரர் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "ஊசி போற எடத்துல ஓட்டை விழும்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் என்னத்த தச்சேன்" என்றார்.

"விடுங்க. ஒரு நாள் மண்ணுதான் போயிருக்கு. இனிமே போகாது."

போகவும் இல்லை. குவாரி எல்லை வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவார். நாற்றம் தாங்காதவர் போல மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, ஏற்றத்தில் வண்டியைத் தள்ளுவார். புழுதி முடிந்த இடத்தில்தான் கிக்கரை மிதிப்பார். திரும்பும்போதும் அப்படியே. இதற்காக விடியுமுன்பே கிளம்பினார். என் தொட்டியில் மட்டம் ஒரு நாளும் தாமதமாக இறங்கவில்லை.

லாரிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

"என்னக்கா, வண்டிய வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஆமாப்பா. மூச்சு வாங்குது, கொஞ்சம் நடக்க வைன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

விஷயம் சூப்பர்வைசர் காதுக்குப் போனது. வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர், அந்த ரவுண்டின்மேல் கண் வைத்திருந்த மீட்டர்காரர்தான் கொண்டுபோனார். சூப்பர்வைசர் ஜீப்பில் வந்து குவாரி வளைவில் அவரை மறித்தார். நானும் ஜீப்பில் இருந்தேன்.

"எஞ்சின் போயிடுச்சாமே?"

"போகல சார். போகக் கூடாதுன்னுதான் தள்றேன்."

"தள்ற வண்டியெல்லாம் வண்டின்னு கணக்கில்லம்மா. இந்த வாரம் பாப்பேன். அடுத்த வாரமும் தள்ளிட்டு வந்தா ரவுண்டு மீட்டர்காரருக்கு."

அக்கா தலையாட்டிவிட்டு மறுபடி தள்ளினார். தண்ணீர் திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இதைக் கேட்ட தையல்காரர் அவசரத் துணிகளை அப்படியே போட்டுவிட்டுக் கடையை அடைத்தார். பழைய ஸ்பாஞ்சையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு நகரத்துக்கு பஸ் ஏறினார். அங்கே கடைக்காரர் ஒரு விரல் அகலம் சின்னதாக ஒன்றைக் காட்டி, "இழுத்தா வந்துரும்ணே" என்றாராம்.

"தம்பி, இழுத்துப் போட்டா எங்க விட்டுக்கும்னு எனக்குத் தெரியும். சரியான அளவு குடு" என்று கடை கடையாக ஏறி இறங்கி, சரியானதை வாங்கிக்கொண்டே திரும்பினார். மெல்லிய வலைத்துணியில் அதற்கு ஒரு மேலுறையும் தைத்தார். இந்த முறை ஊசி ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

அக்கா எண்ணெய் பிசைந்து, விளிம்பில் கிரீஸ் தடவி, புதியதை மாட்டி, உறையைப் போட்டார்.

அடுத்த வாரத்தின் முதல் நாள் சூப்பர்வைசர் குவாரி வளைவில் ஜீப்பை நிறுத்திக் காத்திருந்தார். பக்கத்தில் மீட்டர்காரர் சலவைச் சட்டையோடு நின்றார். அக்கா அவர்களைத் தாண்டி நிற்காமல் ஏறிப் போனார். புழுதி அடங்கியபோது மீட்டர்காரரின் சட்டை குவாரி நிறத்தில் இருந்தது.

"ஓடுதுய்யா" என்றார் சூப்பர்வைசர். ரவுண்டு பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

வீடு திரும்பிய அக்கா குழாயைத் துடைத்து, அந்தத் துணியைத் தையல் மெஷின்மேல் விரித்தார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. தையல்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தாங்க, நிக்கறேன்" என்றார் அக்கா, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு. "டேப்ப எடுங்க."