தடைக்காலத்திலும் வந்த கறிமீன்

பட்டினச்சேரித் தமிழரசிக்கு முப்பத்தாறு வயசாகியும் கல்யாணம் ஆகவில்லையே என்று ஊருக்குத்தான் கவலை. திருமலைராயன்பட்டினம் மார்க்கெட்டில் கூடையை இறக்கிவிட்டாளென்றால் அவளுக்கு எதிர்வாய் பேச ஆளில்லை. "செவுளைத் தூக்கிப் பாருங்க, சிவப்பா இல்லேன்னா காசே குடுக்க வேணாம்" என்பாள். அப்பா கடலோடு போனதிலிருந்து அம்மா கனகத்துக்கும் சேர்த்து அவள்தான் ஓடுகிறாள். கல்யாண ஆசையெல்லாம் எப்பவோ காய்ந்து கருவாடாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொண்டால் ஆயிற்றா?

போன மாசியில் ஒருநாள் விடியும்போது அவள் வீட்டு வாசல் படலில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. உள்ளே கறிமீன். கரைக்கு வந்ததும் விற்காமல் வீட்டுச் சமையலுக்கென்று எடுத்துவைக்கிற மீனுக்கு அதுதான் பேர். பெண்டாட்டி இல்லாதவன் தன் கறிமீனை ஒரு வீட்டில் தொங்கவிட்டால், உன் கையால் சாப்பிட ஆசை என்று அர்த்தம். அந்த வீட்டுக்காரி பையை எடுத்துக்கொண்டால் பாதி சம்மதம். தமிழரசி தெருவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள். அப்புறம் பை வந்துகொண்டே இருந்தது.

தொங்கவிடக்கூடிய ஆள் ஊரில் இரண்டு பேர். ஒருவன் கலைவாணன், பெரிய லாஞ்சு ஓட்டுகிறவன். கூலிங்கிளாஸும் பாட்டுமாக அவன் வந்தால் தெருவே சிரிக்கும். இன்னொருவர் நீலமேகம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், சொந்தமாகச் சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறார். வாயில் கொழுக்கட்டை. அவரை யார் நினைப்பார்கள்? தமிழரசி கலைவாணனிடமே கேட்டாள். "பின்ன, வேற யாருக்கு அந்தத் தைரியம்?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் விழுந்தவள்தான்.

மீன் வாங்க வந்து சிநேகிதியானவள் ரிஃபானா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு டிவியில் தமிழ் பேசிய பழைய இங்கிலீஷ் படம், கருப்பு வெள்ளை. ஒரு பெண், அவளைச் சுற்றி இரண்டு ஆண்பிள்ளைகள். ஒருத்தன் பேசியே மயக்குகிறான். இன்னொருத்தன் மழையில் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போகிறான். யாரைக் கட்டிக்கொள்ளப்போகிறாள் என்கிற இடத்தில் கரண்ட் போய்விட்டது.

"குடைக்காரனத்தான் கட்டுவா" என்றாள் ரிஃபானா.

"போடி. வாய் இல்லாதவன வச்சுக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்துறது?" என்றாள் தமிழரசி.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் பிறந்தது. லாஞ்செல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்க, ஆண்கள் கரையில் இருக்கிற அந்த நாளில்தான் பட்டினச்சேரியில் கல்யாணப் பேச்சு நடக்கும். கலைவாணனோடு வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதென்று கனகம் முடிவு பண்ணினாள். வியாழக்கிழமை காலையிலும் பை தொங்கியது. தமிழரசி பாட்டு முணுமுணுத்தபடி கிழங்கான் மீனை ஆயத் தொடங்கினாள். செவுள் ரத்தமாகச் சிவந்திருந்தது. அரிவாள்மணையில் கை அப்படியே நின்றது. லாஞ்சுதான் கட்டிக் கிடக்கிறதே, இது எந்தக் கடலிலிருந்து வந்தது? தடைக்காலத்தில் ஃபைபர் படகு மட்டும்தானே போகும்?

குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்து, அம்மாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குப் போனாள். கலைவாணன் லாஞ்சுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு மீன் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள்.

"உனக்குன்னே பாத்துப் பாத்து எடுத்ததாச்சே" என்றான் அவன், கையில் பிரஷ்ஷோடு. சொன்ன பிறகுதான் திரும்பி லாஞ்சைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். "அன்னிக்கு நீ கேட்டப்ப உன் மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம். இல்லேன்னு சொல்ல மனசு வரல, தமிழு. அப்புறம் எனக்கும் அது புடிச்சுப்போச்சு."

அவளுக்கு அவன்மேல் கோபம்தான். அதைவிடத் தன்மேல் வெட்கம். லாஞ்சு மீன் ஐஸில் கிடந்து வரும். பையில் வந்ததெல்லாம் ஐஸே படாத மீன். ஊருக்கெல்லாம் செவுளைத் தூக்கிக் காட்டுகிறவள் தன் வீட்டுப் பையில் பார்க்கவில்லையே! ஆட்டோவில் திரும்பும்போது அழுகையே வந்துவிட்டது.

நீலமேகம் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பையை எடுத்துக்கிட்ட. நாந்தான்னு தெரிஞ்சுதான் எடுத்துக்கிட்டன்னு நெனச்சேன். அப்புறம் வெத்தலை மாத்தப் போறாங்கன்னாங்க."

"அது தெரிஞ்சும் இன்னிக்கு எதுக்குத் தொங்கவிட்டீங்க?"

அவர் வலையைப் பார்த்தபடியே சொன்னார்: "வெத்தலை நாளைக்குத்தானே. இன்னிக்கும் சாப்பிடணும்ல."

"குழம்பு கொதிக்குது, மத்தியானம் சாப்பிட வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

சொன்ன வெள்ளிக்கிழமையே வெற்றிலை பாக்கு மாறியது, மாப்பிள்ளைதான் மாறிப்போனார். கனகம் ஒருநாள் முழுக்கத் திட்டித் தீர்த்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தவன் கலைவாணன். பாட்டும் அவன்தான் பாடினான். அந்த மட்டுக்கும் நல்லவன்.

கல்யாணம் முடிந்து தமிழரசி மறுபடி மார்க்கெட்டுக்கு வந்த அன்று, ரிஃபானா கூடை முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்தை முழுசாப் பாத்துட்டேன்டி. அவ பேச்சுக்காரனையே கட்டிக்கிட்டா."

தமிழரசி ஒரு கிழங்கானின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு எடைத்தட்டில் வைத்தாள்.

"பாவம், அவ என்ன பண்ணுவா? அந்த ஊர்ல தடைக்காலம் கிடையாதுபோல."