குலசாமி கோயில் கல்லில் இல்லாத அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதும்படி பங்காளிகள் சிலர் ஆள் விட்டுச் சொன்னார்கள். அக்காவைப் பற்றி எழுத என்னிடம் நல்லதுதான் இருக்கிறது. கெட்டதெல்லாம் நம்மைப் பற்றியது.

அக்கா உத்தமபாளையத்தில் பிறந்தார். திருமணமான நான்காம் ஆண்டே மாமா காலமானார். பிள்ளைகள் இல்லை. பிறகு பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதும் வேலை. யாரையும் எழுதாமல் விடக்கூடாது என்பது அங்கே படிந்த குணம். ஓய்வு பெற்றதும் நம் வம்சாவளியை எழுத உட்கார்ந்தார். பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்று தேடி, முழங்கால் வலியோடு வருசநாடு வரை பேருந்தில் அலைந்தார். பெண் பார்க்கப் போகுமுன் முறை சரிதானா என்று கேட்க, அத்தனை பேரும் அக்கா வீட்டுக்குத்தானே ஓடினீர்கள்?

எங்கள் சித்தப்பா இளவயதில் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவர். அங்கே வேறு சாதிப் பெண்ணை மணந்ததால் வீட்டில் அவர் பேச்சையே எடுப்பதில்லை. அக்கா கம்பம் மெட்டு வழியாக ஜீப்பில் போய், மூன்றாவது தடவையில் அவருடைய மகளைக் கண்டுபிடித்தார். சித்தப்பா இறந்துபோயிருந்தார். மகள் அதே தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பாவுக்குச் சொந்தம்னு ஆளுக இருக்காகளாக்கா?" என்று கேட்டாளாம். அக்கா அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டார்.

குலசாமி கோயிலில் வம்சாவளியைப் பெண்மக்கள் பெயரும் சேர்த்துக் கல்லில் வெட்டுவது என்று முடிவானது. அக்காவின் நோட்டைக் கேட்டு வாங்கிப் போனவர்கள், சித்தப்பா குடும்பத்தை மட்டும் நீக்கினார்கள். அக்கா கூட்டத்தில் நியாயம் கேட்டார். பெரியப்பா மகன், எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன், பதில் சொன்னார்: "கல்லுல வெட்டுனா நாலு பேரு பாப்பாக. இதையெல்லாம் அங்கன வைக்க முடியாது தாயி."

"அப்ப எம்பேரும் அங்கன வேணாம்ணே" என்றார் அக்கா.

மனம் மாறுவார்கள் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னார். சொன்னபடியே அக்கா பெயரையும் எடுத்துவிட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். என் பெயர் கல்லில் வந்தால் போதுமென்று வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் என்மீதே ஆத்திரம் வருகிறது.

அக்கா படுக்கையில் கிடந்த ஐந்து மாதமும், கல்லில் பெயருள்ள ஒருவரும், நான் உட்பட, எட்டிப் பார்க்கவில்லை. சித்தப்பா மகள்தான் வேலையை விட்டு இறங்கி வந்து, குளிப்பாட்டி, கஞ்சி புகட்டினாள். இறந்த அன்று கோடித் துணியோடு வரிசையாக வந்தீர்கள். பிறந்த வீட்டுக் கோடி போட வந்தவளை ஓரமாக நிற்கச் சொன்னீர்கள். என் வாய் அன்றுதான் திறந்தது. முதல் கோடி அவள் போட்டதுதான்.

வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், மலைக்குக் கூட்டிப்போன ஜீப் ஓட்டுநருக்கும், பதிவேடுகளைச் சலிக்காமல் எடுத்துக் கொடுத்த பள்ளி எழுத்தர்களுக்கும், ஏலத்தோட்டத்துத் தங்கைக்கும் எங்கள் நன்றி. மற்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

அக்கா எழுதிய வம்சாவளியை, ஒரு பெயர் விடாமல், இந்த மலரின் கடைசித் தாளில் அச்சிட்டிருக்கிறேன். கௌரவம் போய்விட்டதென்று நினைப்பவர்கள் கிழித்துப் போடலாம். அந்தத் தாளின் பின்பக்கம் அக்காவின் படம் இருக்கிறது.