வாய் பார்க்கும் உத்தியோகம்

அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குச் சம்பளம் தருகிற உத்தியோகம் ஒன்று நாட்டில் உண்டு, அது என்னுடையது. காசநோய்க்காரர் குளிசையை விழுங்குகிறாரா, கன்னத்தில் ஒதுக்கி வெளியே போய்த் துப்புகிறாரா என்று கிளினிக்கில் நின்று தினமும் பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது மருந்து கொடுத்துப் பழகியவர்களுக்கு என் பாடு புரியும்.

என்னைப் படுத்தியவர்களில் முதலிடம் கல்முனைச் சந்தையில் மீன் விற்கிற, ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற ஆதம்லெவ்வைக்குத்தான். அவருடைய ஒரே மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சளியில் கிருமி இருக்கும்வரை பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மனிதருக்கு அந்த ஒரே கவலை.

நாலும் ஒன்று

"ஒவ்வொரு குளிசைக்குள்ளயும் நாலு மருந்து இருக்கு. எல்லாக் குளிசையையும் ஒரே நேரத்தில, வெறும் வயிற்றில போடுங்க" என்று முதல் நாள் விளக்கினேன். தலையாட்டினார். திரும்பிப் பார்த்தால், மடக்குக் கத்தியால் ஒரு குளிசையை நாலாக நறுக்கிக்கொண்டிருக்கிறார். காலைக்கு ஒரு மருந்து, பகலுக்கு ஒன்று என்று பிரித்துப் போடுவது அவர் திட்டமாம். ஒவ்வொரு துண்டிலும் நாலு மருந்தும் கலந்தே இருக்கும், பிரிக்க முடியாது, தனி ஒரு மருந்துக்குக் கிருமி சாகாமல் பழகிவிடும் என்று தொண்டை வற்றக் கத்தினேன். நிதானமாகக் கத்தியை மடித்தார்.

"கொத்து ரொட்டி மாதிரி எண்டு முதல்லயே சொல்லிரிக்கலாமே, புள்ள."

நிறம்

இந்த மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகும், பயமில்லை, கண் மஞ்சளானால்தான் உடனே ஓடிவர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். காக்கா வீட்டில் போய் நிறத்தை மட்டும் சொல்லியிருக்கிறார், காரணத்தைச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி வாடிய முகத்தோடு வந்தார்.

"மொளகாத்தூளே போடாம வெள்ளக் கறிதான் ஆக்கிறன், மிஸ். இன்னும் அவருக்குச் செவப்புக் கொறயல்ல."

சந்தையில்

மூன்றாம் மாதம் இருமல் நின்றது. சளியில் கிருமி இல்லை. பிறந்திருந்த பேரனையும் தூக்கியாயிற்று. அதோடு ஆளைக் காணோம். எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. நோயின் பெயரைச் சந்தையில் சொல்ல முடியாது, மீன் வாங்குகிறவள் போல் போய், பாரைக்குட்டியைப் புரட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னேன்: "பாதியில விட்டா மிச்சக் கிருமி மருந்துக்கு அடங்காது, காக்கா. திரும்ப இருமல் வந்தா ஒங்கட கையில பேரனை ஆர் தருவாங்க?"

காக்காவின் முகம் சுருங்கிவிட்டது. நான் கையோடு கொண்டுபோய் நீட்டிய குளிசைகளை அப்படியே விழுங்கிப் பழக்கதோஷத்தில் வாயை ஆவென்று திறந்தார். நானும் பழக்கதோஷத்தில் குனிந்து நாக்கடியைப் பார்த்தேன். பக்கத்தில் மீன் வாங்க நின்ற பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"செவுளப் பாத்து மீன் வாங்குவாங்க. மீன்காரன்ட வாயப் பாத்து வாங்கிறத இண்டைக்கித்தான் காணுறன்."

கடைசிக் குளிசை

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. ஆறு மாதம் முடிந்தது, கடைசிச் சளியும் சுத்தம் என்று வந்தது. கிளினிக் கேற்றுக்கு வெளியே மகள் பேரனோடு காத்து நின்றாள். காக்கா போய்ப் பிள்ளையை வாங்கி முத்தமிட்டார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"அல்ஹம்துலில்லாஹ். இனி ஒங்கட மொகத்தில முழிக்கத் தேவல்ல."

தன் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை என்று ஒருவர் இறைவனைப் புகழ்வதைக் கேட்டு மனம் குளிர்கிறவர்கள் எங்கள் தொழிலைத் தவிர வேறெங்கும் இருக்க மாட்டார்கள்.