அருவி பார்க்கப் போய்க் கதவு பார்த்து வந்த கதை

ஜவ்வாது மலைக்குப் போவதென்றால் என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஏறக்குறைய இதே கேள்வியை அந்த மலையிலேயே ஒருவர் கேட்கப் பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கம், மார்கழி மாதம்.

எனக்கு அப்போது போளூரில் வேலை. அருவி பார்க்க வேண்டும், மலைத்தேன் வாங்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். துணைக்குக் கிடைத்தவர் என் அக்காவின் தோழி சுலோசனா, ஆரணியில் வக்கீல். அரசு விடுதிகளில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல, அரசு ஊழியரல்லாத ஒருவரை நியமிப்பார்கள். அந்தப் பொறுப்பு அவரிடம் இருந்தது. சம்பளம் இல்லை, தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. போய்ப் பார்க்கலாம், கேட்கலாம், கலெக்டருக்கு எழுதலாம். மலைமேல் ஜமுனாமரத்தூரில் இருந்த பெண்கள் விடுதியைப் பார்க்கத்தான் அவர் கிளம்பியிருந்தார்.

"இதுக்கா இவ்ளோ தூரம் போறீங்க?" என்றேன்.

"டிபார்ட்மெண்ட் ஆளு போனா டிபார்ட்மெண்டைத்தான் பாப்பாங்க. புள்ளைங்கள யாராவது பாக்கணும்ல?" என்றார்.

போளூரிலிருந்து காலை ஆறரைக்குப் பஸ். ஜமுனாமரத்தூர் நாற்பது கிலோமீட்டர் இருக்கும், இரண்டரை மணி நேரம் ஆனது. வளைவுகளில் ஜன்னலோரம் உட்காருங்கள், ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். பஸ் முழுக்கச் சந்தைக்குப் போகும் உப்பு மூட்டைகளும் துணி மூட்டைகளும். நாங்கள் பெண்கள் விடுதிக்குப் போகிறோம் என்றதும் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு சந்தையாச்சேங்க. சந்தையன்னிக்கு ஆபீசருங்க யாரும் வர மாட்டாங்களே."

"அதுக்குத்தான் வர்றேன்" என்றார் சுலோசனா.

பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்து போனோம். வார்டன் நல்ல மனிதர்தான். ஓடி வந்து வரவேற்றார். காபி, கூடவே ஒரு பாட்டில் தேன். சுலோசனா இரண்டையும் வேண்டாமென்றுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது, அவ்வளவு நல்ல தேன்.

வார்டனை அலுவலறையில் இருக்கச் சொல்லிவிட்டுப் பெண் பிள்ளைகளோடு மரத்தடியில் உட்கார்ந்தோம். சாப்பாடு? நல்லா இருக்குது டீச்சர். குளிர்? இல்ல டீச்சர். ஏதாவது குறை? ஒண்ணும் இல்ல டீச்சர். சொல்லிக்கொடுத்த பாடம் போல எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். குறை சொன்னால் விடுதியை மூடிவிடுவார்கள், அப்புறம் வீட்டுக்குப் போய் மாடு மேய்க்க வேண்டியதுதான் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சுலோசனா பேச்சை மாற்றினார். "ஜூன்ல புதுசா ஒரு புள்ள இங்க வரும். அது இன்னா எடுத்துக்கிட்டு வரணும்? நீங்கதான் சொல்லணும்."

பதில் ஒவ்வொன்றாக வந்தது. போர்வை. சொந்தத் தட்டு. பத்து வயதுப் பச்சையம்மா சொன்னாள்: "கவுறு."

"கவுறா? எதுக்கு?"

"எங்க ரூம் கதவுக்குத் தாப்பா இல்ல டீச்சர். சந்தையன்னிக்கு ராவுல ஆளுங்க குட்ச்சிட்டு வந்து கதவைத் தள்ளுவாங்க. உள்ள கவுறு கட்டி, ரெண்டு பேரு புடிச்சிக்கினு உக்காந்திருப்போம். இருக்கற கவுறு இத்துப் போச்சு. போன சந்தைக்கு அப்பறம் ரெண்டு புள்ளைங்க வூட்டுக்குப் போயிருச்சி. நான் போவ மாட்டேன், படிக்கணும்."

அன்றும் சந்தை நாள்.

அலுவலறைக்குப் போய்க் கேட்டோம். வார்டன் தலையைச் சொறிந்தார். "மூணு தபா எழுதிப் போட்டேன் மேடம், பதிலே வரல."

"நானும் எழுதறேன். பதில் வர்றப்ப வரட்டும். இன்னிக்கு ராத்திரி?"

சந்தையில் தேடினேன். அரிவாள், கொடுவாள், பூட்டு எல்லாம் இருந்தன, தாழ்ப்பாள் மட்டும் இல்லை. வெறுங்கையோடு திரும்பியபோது சுலோசனா வார்டனின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கதவில் நல்ல கனமான இரும்புத் தாழ்ப்பாள்.

"நான் உத்தரவு போட முடியாதுங்க" என்றார் வார்டனிடம். "கேக்கத்தான் முடியும்."

வார்டன் தாழ்ப்பாளைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு அவரே ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கழற்ற ஆரம்பித்தார். அதைப் பெண்கள் அறைக் கதவின் உட்பக்கம் முடுக்கி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. பிள்ளைகளை உள்ளே அனுப்பித் தாழிடச் சொன்னோம். நானும் வார்டனும் வெளியிலிருந்து முட்டிப் பார்த்தோம். அசையவில்லை. அன்றிரவு இற்றுப்போன கயிற்றைக் கட்டிக்கொண்டு தூங்கியவர் வார்டன்தான். தேன் போச்சு, அருவியும் போச்சு. சத்தியமாக எனக்கு வருத்தமே இல்லை.

கேட்ட வாசகருக்கு: கம்பளி, டார்ச், மாற்றுச் செருப்பு, தலைசுற்றலுக்கு எலுமிச்சம்பழம். சந்தை நாளில் பஸ்ஸில் இடம் கிடைப்பது கஷ்டம், முன்னாலேயே போய் உட்காருங்கள். பிள்ளையை எந்த விடுதியிலாவது சேர்ப்பதாக இருந்தால், அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் வசதியெல்லாம் எப்படி என்று கேட்காதீர்கள். புதிதாக வருகிறவர் என்ன கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கடைசிப் பஸ்ஸுக்கு நாங்கள் கிளம்பும்போது பச்சையம்மா வாசல்வரை ஓடி வந்தாள்.

"டீச்சர், அந்தப் புதுப் புள்ளையாண்ட கவுறு வேணாம்னு சொல்லிடுங்க."